நாடாளுமன்றத்தில் அமைச்சரிடம் கேள்வி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் டெல்லிக்குப் புது முகங்கள் வருகின்றன. முதல் முறை எம்.பி. ஆனவர்கள், அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள், தொகுதியில் கட்சி வேலை பார்த்துவிட்டு உதவியாளராக வந்தவர்கள். அமைச்சரை மடக்க வேண்டும் என்ற வேகம் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அவர்கள் எழுதிக் கொண்டுவரும் கேள்விகளைப் பார்த்தால், இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் எழுதிய அதே கேள்விகள், அதே ஓட்டைகளோடு. உறுப்பினர்களுக்குக் கேள்வி எழுதித் தருவதும், வந்த பதிலைப் பிரித்துப் படித்து அடுத்த கேள்விக்கு வழி பார்ப்பதும்தான் என் வேலை. அதனால் இதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது, 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும், எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்று பார்த்து அனுப்ப வேண்டும். இவற்றையெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. தவறாகச் செய்தால் மக்களவைச் செயலகமே திருப்பி அனுப்பிக் கற்றுக்கொடுத்துவிடும். யாரும் திருப்பி அனுப்பாத, அதனாலேயே ஆண்டுக்கணக்கில் தொடரும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்கிறேன். மக்களவையை வைத்தே பேசுகிறேன். மாநிலங்களவையில் எண்ணிக்கையும் நேரமும் கொஞ்சம் வேறுபடும், தவறுகள் ஒன்றுதான்.

மாநில அரசின் விஷயத்தை மத்திய அமைச்சரிடம் கேட்பது

‘இது மாநிலப் பட்டியலில் வருகிறது’ என்ற ஒற்றை வரி பதிலாக வரும். மத்திய அரசின் பணமோ, சட்டமோ, ஒப்புதலோ எந்த இடத்தில் நுழைகிறது என்று பார்த்து அந்த இடத்தில் மட்டும் கேளுங்கள்.

‘அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன?’

இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். பத்துக் கேள்வித்தாள்களைப் புரட்டினால் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். (அ) இப்படி ஒரு பிரச்சினை இருப்பது அரசுக்குத் தெரியுமா. (ஆ) தெரியும் எனில் விவரம் என்ன. (இ) இதைச் சரிசெய்ய அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன. கேள்வி கேட்டவருக்கு ஏதோ பெரிதாகக் கேட்டுவிட்ட நிறைவு. அந்தக் கேள்வி அமைச்சகத்துக்குப் போன பிறகு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த நிறைவு போய்விடும்.

ஒவ்வொரு அமைச்சகத்திலும் நாடாளுமன்ற வேலைகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கிருந்து கேள்வி சம்பந்தப்பட்ட பிரிவு அதிகாரியின் மேஜைக்குப் போகும். அவர் செய்யும் முதல் வேலை, இதே பொருளில் போன கூட்டத்தொடரில் கொடுத்த பதிலை எடுத்துப் பார்ப்பது. ‘நடவடிக்கை என்ன’ என்று கேட்டிருந்தால் அவருக்கு வேலையே இல்லை. திட்டத்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, நோக்கம், ஒதுக்கீடு, வழிகாட்டு நெறிமுறைகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. தேதியை மாற்றி, கடைசியில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். இணைச் செயலாளர் பார்த்து, அமைச்சர் ஒப்புதல் தந்து, ‘(அ) முதல் (இ) வரை’ என்று எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாகக் கட்டிய பதில் அவைக்கு வந்துவிடும். எந்தப் பிரிவுக்கு எது பதில் என்று தேடினாலும் கிடைக்காது. பொய் என்று சொல்லவும் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அதில் சொன்ன திட்டங்கள் எல்லாம் உண்மையாகவே இருப்பவைதான்.

டெல்டா பகுதியிலிருந்து வந்த ஒரு புது உறுப்பினரின் அலுவலகத்தில் இது நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சம்பா பயிருக்குக் காப்பீடு கட்டிய விவசாயிகள் இழப்பீடு வராமல் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. ஊரிலிருந்தபடியே உதவியாளரிடம் போனில் சொல்லிக் கேள்வி போட்டார்: இழப்பீடு தாமதமாவது அரசுக்குத் தெரியுமா, தாமதத்தைத் தவிர்க்க எடுத்த நடவடிக்கைகள் என்ன. பதில் பல பக்கங்களுக்கு வந்தது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது, விவசாயி கட்ட வேண்டியது காரிஃப் பருவத்தில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம், வணிகப் பயிர்களுக்கு 5 சதவீதம், இழப்பீட்டைக் கணக்கிடத் தொழில்நுட்பம் பயன்படுத்தப்படுகிறது என்று திட்டத்தின் முழு வரலாறும் இருந்தது. அவர் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு எவ்வளவு பாக்கி என்பது மட்டும் இல்லை. அதை எடுத்துப் போய் வாசலில் நிற்பவர்களிடம் எப்படிக் காட்டுவது?

அவர் வேறு மாதிரிக் கேட்டிருக்கலாம். அந்தத் திட்டத்தின் திருத்திய வழிகாட்டு நெறிமுறை 2018 ராபி பருவத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. குறிப்பிட்ட கெடுவைத் தாண்டி இழப்பீட்டைத் தாமதித்தால் காப்பீட்டு நிறுவனம் 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. பிரீமிய மானியத்தில் தன் பங்கைத் தாமதித்தால் மாநில அரசும் வட்டி கட்ட வேண்டும். இதைப் படித்தவர் கேட்கும் கேள்வி இப்படி இருக்கும்:

(அ) கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கெடுவைத் தாண்டி வழங்கப்பட்ட இழப்பீட்டுத் தொகை, மாவட்டவாரியாக, பருவவாரியாக, நிறுவனவாரியாக. (ஆ) அவற்றுக்கு 12 சதவீத வட்டியாக விதிக்கப்பட்ட தொகை, விவசாயிகளின் கணக்கில் உண்மையில் சேர்ந்த தொகை. (இ) ஒவ்வொரு பருவத்திலும் மாநில அரசு தன் மானியப் பங்கைச் செலுத்திய தேதி. (ஈ) தகவல் தராத நிறுவனங்களின் பெயர், கடைசியாக நினைவூட்டல் அனுப்பிய தேதி.

இதில் ‘தெரியுமா’ என்பதே கிடையாது. ஒவ்வொரு பிரிவுக்கும் பதில் ஒரு எண்ணாகவோ தேதியாகவோ பெயராகவோதான் இருக்க முடியும். (ஈ) பிரிவைக் கவனியுங்கள். ‘தகவல் சேகரிக்கப்படுகிறது’ என்று தப்பிக்கும் வழியை அது முன்கூட்டியே அடைக்கிறது. நினைவூட்டலே அனுப்பவில்லை என்றால், அதையும் அமைச்சர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். நான் எழுதித் தரும் கேள்விகளில் பெரும்பாலும் இப்படி ஒரு கடைசிப் பிரிவு இருக்கும்.

வெறும் சலிப்போடு போகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மக்களவை விதி 41இன்படி, ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியைச் சாராம்சத்தில் திரும்பக் கேட்கக் கூடாது. ஆக, யாரோ ஒருவர் ‘நடவடிக்கை என்ன’ என்று கேட்டுத் திட்ட விளக்கத்தை வாங்கி வைத்துவிட்டால், அதே பொருளில் தரவுகளோடு தயாராகும் இன்னொரு உறுப்பினரின் கேள்வி ‘பதில் சொல்லியாகிவிட்டது’ என்று தள்ளுபடி ஆகலாம். தன் வாய்ப்பை மட்டும் வீணாக்கியிருந்தால் பரவாயில்லை, இங்கே அடுத்தவர் வாய்ப்பும் சேர்ந்து போகிறது. அந்தக் காப்பீட்டுக் கேள்வியிலும் இதுதான் நடந்தது. பக்கத்து மாவட்ட உறுப்பினர் ஒருவரிடம் ஊர்வாரியான பாக்கிக் கணக்கே இருந்தது. அவருடைய நோட்டீஸ் ஏற்கப்படவில்லை. அடுத்த கூட்டத்தொடருக்குள் குறுவை நடவே முடிந்துவிட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு: நீங்கள் எந்தப் பெயரில் ஒரு விஷயத்தைக் கேட்கிறீர்களோ, அந்தப் பெயருக்குள் மட்டும்தான் பதில் வரும். 2021 மழைக்காலக் கூட்டத்தொடரில் கையால் மலம் அள்ளுவதால் ஏற்பட்ட மரணங்கள் பற்றி மாநிலங்களவையில் கேட்கப்பட்டது. அப்படி மரணம் எதுவும் பதிவாகவில்லை என்றது சமூக நீதி அமைச்சகம். அதே அமைச்சகம்தான் சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் இறங்கி இறந்தவர்கள் 941 பேர் என்றும் கணக்குத் தந்தது. அதில் 213 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், எல்லா மாநிலங்களிலும் அதிகம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டையும் தனித்தனி வகைகளாக வைத்திருக்கிறது. சட்டத்தின் அந்தப் பிரிவைப் படிக்காமல் கேட்டால், இத்தனை உயிர்கள் போன இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலை அவைக்குறிப்பில் நாமே ஏற்றி வைப்போம். படித்துவிட்டுக் கேட்பவர் அடுத்த படிக்கே போகலாம். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. முழுத் தொகை பெற்றவர்கள் எத்தனை குடும்பம், குறைவாகப் பெற்றவர்கள் எத்தனை, ஒன்றுமே பெறாதவர்கள் எத்தனை, எத்தனை வழக்கில் யாருக்குத் தண்டனை. இவைதான் கேட்க வேண்டிய எண்கள்.

எந்த அமைச்சகத்தின் கையில் அந்தக் கணக்கு இருக்கும் என்பதும் இதோடு சேர்ந்தது. 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டதற்கு, அப்படித் தரவு எதுவும் வைத்திருக்கவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். தரவு இல்லாதபோது இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை என்றும் சொன்னது. அதே வாரத்தில் மாநிலங்களவையில் டெரிக் ஓ’பிரையன் கேட்ட கேள்விக்கு, அந்தத் தொழிலாளர்களுக்காக விடப்பட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று ரயில்வே அமைச்சகம் பதில் தந்தது. ரயில் பெட்டியில் ஒருவர் இறந்தால் ரயில்வே போலீஸ் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதப்பட்ட காகிதம் இருக்கும் இடம் பார்த்துக் கேட்டதால் எண் வந்தது. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்தாகி எழுத்துப்பூர்வ பதில்கள் மட்டும் இருந்தன. அப்படியிருந்தும் வந்தது.

அதனால் கேள்வி எழுதுவதற்கு முன் மூன்று காகிதங்களையாவது படியுங்கள் என்று புதியவர்களிடம் சொல்கிறேன்: சம்பந்தப்பட்ட சட்டம் அல்லது வழிகாட்டு நெறிமுறை, இதே பொருளில் கடைசியாக வந்த பதில், அந்தத் துறையை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை. ஒரு மாலைப் பொழுது போதும். பழைய பதில்கள் எல்லாம் இரு அவைகளின் இணையத்தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிலின் முகப்புப் பக்கத்தோடு நின்றுவிடாமல் இணைப்பில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். அடுத்த கேள்விக்கான விதை பெரும்பாலும் அந்த அட்டவணையில் ஏதோ ஒரு மாநிலத்துக்கு எதிரே காலியாக விடப்பட்ட கட்டத்தில்தான் இருக்கும்.

துணைக் கேள்வியைச் சொற்பொழிவாக்குவது

அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி இருக்கும், மற்றவற்றுக்கு எழுத்துப்பூர்வ பதில் மட்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20 பட்டியலாகும். ஒரு மணி நேரத்தில் வாய்மொழிப் பதில் கிடைப்பது பெரும்பாலான நாட்களில் ஐந்தாறுக்குத்தான். ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாளில் ஒரு நட்சத்திரக் கேள்விதான் வரலாம், அதுவும் குலுக்கலில் முன்னால் வந்தால்தான் உண்டு. இவ்வளவும் கூடி வந்து, அமைச்சர் எதிரே எழுந்து நிற்கும்போது, கேட்டவருக்குக் கிடைப்பவை இரண்டு துணைக் கேள்விகள்.

அந்த இரண்டையும் என்ன செய்கிறார்கள்? தொகுதி மக்களுக்கு வணக்கம், தலைவருக்கு நன்றி, பிரச்சினையின் வரலாறு, கடைசியில் மூச்சு விடாமல் நான்கு கேள்விகள். சபாநாயகர் ‘கேள்விக்கு வாருங்கள்’ என்று இரண்டு முறை சொல்லியிருப்பார். நான்கில் எது சுலபமோ அதற்கு மட்டும் அமைச்சர் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மற்ற மூன்றும் பதிலின்றிப் போனதை யாரும் கவனிக்க மாட்டார்கள், அடுத்தவர் எழுந்திருப்பார்.

நட்சத்திரக் கேள்விக்கான பதிலின் பிரதி அன்று காலை அவை கூடுவதற்கு முன்பே கிடைத்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பேச்சைத் தயார் செய்யாதீர்கள். இணைப்பு அட்டவணையில் ஒரு வரியைப் பிடியுங்கள். ‘உங்கள் பதிலின் இணைப்பில் தமிழ்நாட்டுக்கு எதிரே ஒதுக்கியது இவ்வளவு, விடுவித்தது இவ்வளவு என்று இருக்கிறது. மீதி எந்தத் தேதிக்குள் வரும்?’ இவ்வளவுதான் முதல் துணைக் கேள்வி. அமைச்சரிடம் துணைக் கேள்விகளுக்கென்றே அதிகாரிகள் தயாரித்துத் தந்த தடித்த குறிப்பு ஒன்று இருக்கும். பொதுவாகக் கேட்டால் அதிலிருந்து படிப்பார். அவர் பதிலில் உள்ள எண்ணையே காட்டிக் கேட்டால், அதற்கு அவரே பொறுப்பேற்றுப் பேச வேண்டியிருக்கும்.

இரண்டாவதை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். அமைச்சர் தேதி சொன்னால் ஒன்று, சொல்லாவிட்டால் ஒன்று என்று இரண்டு விதமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘விவரத்தை உறுப்பினருக்குத் தனியாக அனுப்பி வைக்கிறேன்’ என்று அமைச்சர் சொல்லும்போது பலர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். அதை அவையில் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். உங்களுக்கு வரும் கடிதம் உங்கள் அலமாரியில் இருக்கும், அவைக்குறிப்பில் ஏறாது. அப்புறம், தமிழில் கேட்பதாக இருந்தால் மொழிபெயர்ப்புக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, எண்களை நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். வேகமாகச் சொன்ன எண் காதில் மாட்டிய கருவியில் வேறு எண்ணாகப் போய்ச் சேருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் பெயர் இருக்கும் நாளில் வராமல் இருப்பது

2009 நவம்பர் 30 அன்று கேள்வி கேட்ட உறுப்பினர்கள் பலரும் வராததால் மக்களவையில் கேள்வி நேரமே பாதியில் நின்றுபோனது. அன்றைக்குத் தொகுதியில் கல்யாணம் இருந்தால் மாலை வரவேற்பில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி நேரத்தை அமளியில் விடுவது

இதைச் சொன்னால் கட்சிக்காரர்களுக்கு வருத்தம் வரும் என்று தெரியும். எதிர்ப்பைக் காட்ட வேண்டிய நாட்கள் உண்டு. பதாகை பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலை 11 மணிக்கு அவை கூடியதும் மையப்பகுதிக்கு இறங்கி, 12 மணி வரை ஒத்திவைக்க வைப்பதால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். அன்றைய 20 நட்சத்திரக் கேள்விகளுக்கும் எழுத்துப்பூர்வ பதில் தாக்கலாகிவிடும். அமைச்சர் ஒரு துணைக் கேள்வியைக்கூடச் சந்திக்க வேண்டியதில்லை. அரசு கொண்டுவந்த மசோதா பிற்பகலில் அதே அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறவும் செய்யும். அந்த நாளில் இழப்பு முழுவதும் கேள்வி கேட்கக் காத்திருந்த உறுப்பினருக்குத்தான். போராட்டத்தை 12 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே என்று கட்சிக் கொறடாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தவர் கேள்வியை உங்கள் பெயரில் போடுவது

2005 டிசம்பரில் கேள்விக்குப் பணம் வாங்கிய விவகாரத்தில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். கேள்விகளைப் பதிவேற்றும் இணையத்தளத்தின் கடவுச்சொல்லை வெளியாளுக்குத் தந்தார் என்ற புகாரில் 2023 டிசம்பரிலும் ஒருவர் நீக்கப்பட்டார். உதவியாளராக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ‘நல்ல கேள்வி, சும்மா போட்டு விடுங்கள்’ என்று யார் கொண்டுவந்து கொடுத்தாலும், அந்தக் கேள்வியால் எந்த நிறுவனத்துக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும்வரை தொடாதீர்கள்.

அமைச்சர் தவறாகச் சொன்னால் கத்துவது மட்டும்

அமைச்சர் அவையில் தந்த தகவல் தவறு என்று உங்களிடம் ஆதாரம் இருந்தால் அதற்கென்று வழி இருக்கிறது. சபாநாயகரின் உத்தரவுகளில் 115ஆவது, அமைச்சரின் கூற்றில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டி நோட்டீஸ் தர உறுப்பினருக்கு இடம் தருகிறது. எந்தத் தேதியில் என்ன சொன்னார், ஆவணம் என்ன சொல்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். புதியவர்கள் நேராக உரிமை மீறல் நோட்டீசுக்குப் போகிறார்கள். அதற்கு, அமைச்சர் தெரிந்தே வேண்டுமென்று அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று காட்ட வேண்டியிருக்கும். அதைக் காட்டுவது மிகக் கடினம். நோட்டீஸ் தள்ளுபடியானால் தகவலே சரிதான் என்பது போல ஆகிவிடும். பிழையைத் திருத்த வைப்பதே போதுமான வெற்றி, திருத்தமும் அவைக்குறிப்பில் ஏறும்.

ஒரு கேள்வியோடு விட்டுவிடுவது

பெரோஸ் காந்தி எழுந்து பேசினார், நிதியமைச்சர் டி.டி.கே. பதவி விலகினார் என்று முந்த்ரா விவகாரத்தை இரண்டு வரியில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள், ஒரே பேச்சில் அமைச்சர் விழுவார் என்று நம்புகிறார்கள். அந்தக் கதையின் நாள்களைக் கவனியுங்கள். ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது 1957 ஜூனில். செப்டம்பரில் அவையில் கேள்வி எழுந்தது, பிடி கொடுக்காத பதில் வந்தது. நவம்பர் இறுதியில் மறுபடி கேள்வி. டிசம்பர் 16 அன்றுதான் ரேபரேலி உறுப்பினரான பெரோஸ் காந்தி அந்தப் பேச்சைப் பேசினார். பங்குகளுக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கப்பட்டதை விலைப் பட்டியலை வைத்தே காட்டினார். அடுத்து நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை, அதுவும் பொதுமக்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி உறுப்பினர் என்பது. தன் கட்சி அரசின் நிதியமைச்சரை, தன் மாமனார் நேரு பிரதமராக இருந்த அமைச்சரவையின் மூத்த உறுப்பினரை, மாதக்கணக்கில் விடாமல் துரத்தினார். இன்று ஆளுங்கட்சி வரிசையில் இருக்கும் இளம் உறுப்பினர்கள் அமைச்சரைப் பாராட்டவே துணைக் கேள்வியைப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அமைச்சரவையைத் தவிர மற்ற எல்லோரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அரசைக் கேள்வி கேட்க அனுப்பப்பட்டவர்கள்தான்.

இன்றைக்கும் அதே படிகள் இருக்கின்றன. எழுத்துப்பூர்வ பதில் கேட்கும் கேள்வியில் எண்ணை வாங்குங்கள். அதை வைத்து நட்சத்திரக் கேள்வி போடுங்கள். அதிலும் விளக்கம் போதாவிட்டால் விதி 55இன்கீழ் அரை மணி நேர விவாதம் கேளுங்கள். மூன்று நாட்கள் முன்னதாக நோட்டீஸ், கூட வேறு இரண்டு உறுப்பினர்களின் கையொப்பம். இப்போது அந்த விவாதம் அபூர்வமாகிவிட்டது என்பது உண்மைதான். நோட்டீஸே போகாவிட்டால் இன்னும் அபூர்வமாகும்.

‘பரிசீலனையில் உள்ளது’ என்றதும் கோப்பை மூடுவது

பதிலில் இந்த வரியைப் பார்த்ததும் புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள். எனக்கு அது பிடித்த வரி. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் தாக்கல் செய்யப்படும்’, ‘விசாரித்துச் சொல்கிறேன்’ போன்ற தொடர்களுக்கென்று ஒரு பட்டியலே இருக்கிறது. அமைச்சர் அவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 டிசம்பரிலிருந்து அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. செயலாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியின் பதில் அந்தக் கணக்கில் ஏறியதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்று பட்டால் குழுவுக்கு எழுதுங்கள். ஏறியிருந்தால் மூன்று மாதம் முடியும் தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்டு அமைச்சகங்கள் குழுவிடம் விண்ணப்பிப்பது உண்டு. கேள்வி கேட்ட உறுப்பினர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தால் அந்த விண்ணப்பத்தைக் குழு எளிதில் ஏற்காது. குழுவின் அறிக்கைகளைப் படித்தால் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் உறுதிமொழிகள் வரிசையாகக் கிடைக்கும். அவற்றில் உங்கள் தொகுதியின் ரயில் பாதையோ துறைமுகமோ இருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்ட பழைய உறுப்பினர் இப்போது அவையில் இல்லாமல் இருக்கலாம். மக்களவை கலைந்தால் நிலுவையில் உள்ள நோட்டீஸ்கள் காலாவதியாகும், உறுதிமொழிகள் காலாவதியாகாது. புதிய குழு அவற்றை எடுத்துக்கொள்ளும், உங்கள் பெயரில் அதற்கு ஒரு கடிதம் போட இன்றைக்கே முடியும்.